தார்சா வைத்தியம்

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு மணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாத்தா முழங்காலில் தேய்த்த பிண்டத் தைலம், கார்டு தாத்தா நெற்றியில் அப்பிய அமிர்தாஞ்சன், சார்வாளின் மூக்குப்பொடி, அடுக்களையில் ஆச்சி தட்டுகிற சுக்கு எல்லாம் கலந்த மணம் அது. அதற்குப் பின்னாலேயே செருப்புச் சத்தம், பிறகு ஒரு செருமல், பிறகு “என்னவே, ராத்திரி தூங்கினீரா?” என்கிற குரல். சௌக்கியமா என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று பேர், மூன்று கட்சி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு எல்லா நோயும் சூடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்ந்த சார்வாளுக்கு எல்லாமே வாயு. எங்கள் தாத்தாவோ நரம்புக் கட்சி. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த எறும்பு வாயுவில் பிறந்ததா, சூட்டில் பிறந்ததா என்று விளக்கு வைக்கிற வரைக்கும் பேச்சு ஓடும். சார்வாள் எடுத்ததற்கெல்லாம் வைத்தியச் சித்தர் தேரையரை இழுப்பார். “தேரையருக்கு மூட்டுவலி உண்டாவே? அதை மொதல்ல சொல்லும்” என்பார் தாத்தா. அமிர்தாஞ்சனைப் பம்பாயில் 1893-லேயே தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் பின்னால் ‘ஆந்திர பத்திரிகை’யையும் நடத்தினவர் என்று சார்வாள் ஒருநாள் விளக்க, கார்டு தாத்தா நெற்றியைத் தடவிக்கொண்டே, “தலைவலிக்கு மருந்தும் அவரே, தலைவலியும் அவரே. கெட்டிக்காரன்வே” என்றார்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷின் வீடுகளுக்கு வராத காலம். தாத்தாவின் மாடக்குழியில் பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டில், கண்ணாடிக் குழாய், மரக்கிடுக்கி, ஸ்பிரிட் விளக்கு எல்லாம் இருக்கும். ஆச்சி உள்ளே விடமாட்டாள், கிணற்றடியில்தான் பரிசோதனை. ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு மூத்திரம். குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேரே இல்லாதபடி சாய்த்துப் பிடித்து, பொங்கி வழியாமல் ஆட்டி ஆட்டிக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் பயமில்லை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் ஏகத்துக்கு இருக்கிறது. எனக்கு அந்தச் செங்கல் நிறம்தான் பிடிக்கும்; ஒவ்வொரு தடவையும் அது வரவேண்டுமென்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு பக்கத்தில் குத்தவைத்திருப்பேன்.

ஒரு கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு முடிந்த மறுநாள் என் வேண்டுதல் பலித்தது. குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த தாத்தா, “பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல இருக்கு” என்றார். “பச்சையாவே? கொடியாட்டிக்கிட்டு இருந்த எனக்கா கலர் தெரியாது? இது செவப்பு. வண்டியை நிறுத்தும்” என்றார் கார்டு தாத்தா. பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இஞ்சித் துவையல்மேல் பழியைப் போட்டார்கள்.

மருந்தும் கைமாறும். வேட்டி மடியிலிருந்து தீப்பெட்டி வெளியே வரும். குச்சிக்குப் பதிலாக உள்ளே கலர் கலராக மாத்திரைகள். “மருமகன் மெட்ராஸ்லேருந்து கொண்டாந்தது, ஒண்ணு போட்டுப் பாரும்” என்று உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்கள். வாங்கினவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். காலையில் ஆச்சி பெஞ்சுக்கடியில் விளக்குமாற்றை விட்டால் அந்த மாத்திரைகள் ஒன்றொன்றாக உருண்டு வரும். “இந்தா வருது பாரு, கெழங்களுக்க மருந்து” என்று வாரிக் குப்பையில் போடுவாள். அன்றைக்குச் சாயங்காலமே, “நீரு குடுத்தது நல்லா கேட்டுதுவே, பாதி வலி இல்ல” என்று கூசாமல் சொல்வார்கள். கொடுத்தவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும், பேரன் பாஸானதுபோல இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு நோய் வேண்டும்போல இருந்தது. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தேன். ஒருநாள் அவர்கள் நடுவில் போய் நின்று, “எனக்கும் முழங்கால் வலிக்கி” என்றேன். விரட்டுவார்கள் என்று நினைத்தால், தாத்தா நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். கார்டு தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டு என் காலை நீட்டச் சொல்லி, சிரங்குத் தழும்பும் புழுதியுமாக இருந்த முட்டியைத் தட்டிப் பார்த்தார். “சூடுதான்” என்றார். சார்வாள் கையமர்த்தினார்.

“இரியும்வே, கேக்க வேண்டியதைக் கேக்கணும்லா. ஏலே, எப்ப வலிக்கி? படி ஏறும்போதா, எறங்கும்போதா?”

நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். “பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது.”

சார்வாள் பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். “அது ஒண்ணும் செய்யாது. எனக்கும் முப்பது வருசம் இருந்துது. ரிட்டையரான மறுநாளே போயிட்டு.”