பந்துன்னா உசுரு!

சேலம்னா மாம்பழம். நாமக்கல்னா முட்டை. நடுவுல ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் ஜவ்வரிசி. இது மூணுக்கும் ஒரு பொதுவான மேட்டர் இருக்கறதை எந்த டூரிஸ்ட் கைடும் சொன்னதில்லை மக்களே... எல்லாமே உருண்டை! இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடிச்சது அடியேன் இல்லை. ராசிபுரம் பக்கம் இருக்கற எங்க அப்புச்சி தோட்டத்து நாய், மிஸ்டர் ஜிம்மி.

ஜிம்மியோட அப்பா லேப்ரடார். அம்மா அக்மார்க் நாட்டு நாய். வயசு 3. பந்தைத் தவிர உலகத்துல எதையும் சீரியஸா எடுத்துக்காத ஜீவன். ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்து கேட்டைத் திறந்தா, பாசமா மூஞ்சியைப் பார்க்கும்னு நினைக்காதீங்க. முதல்ல கையைப் பார்க்கும். அப்புறம் பேன்ட் பாக்கெட்டை மோந்து பார்க்கும். பந்து இல்லேன்னு கன்ஃபர்ம் ஆன பிறகுதான், 'ஓ... நீயா?'ன்னு ஒரு லுக்கு!

இப்படி ஒரு பார்ட்டிகூட வாழ்றவங்களுக்கு சேலம், நாமக்கல் சமவெளி வேற மாதிரி தெரியும். எங்க கிரவுண்டு இருக்கு, எங்க முள்ளு இருக்கு, எத்தனை மணிக்குத் தரை சுடும்... இதெல்லாம் மேப்ல கிடைக்காது. வாங்க, ஜிம்மி பின்னாடியே ஒரு ரவுண்டு போலாம்.

காலை 6 மணி, ஏரி கிரவுண்டு

ஒரு பக்கம் போதமலை, ஒரு பக்கம் அலவாய்மலை, தூரத்துல கொல்லிமலை. சுத்தி மலை, நடுவுல காய்ஞ்ச பூமி. எங்க ஊர்ப் பக்கம் ஏரிக்கு ரெண்டு வேலை. மழை பெய்ஞ்சா ஏரி, காய்ஞ்சா கிரிக்கெட் கிரவுண்டு! ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள ரெண்டு டீம் இறங்கிடும். டென்னிஸ் பால் மேட்ச்.

டென்னிஸ் பாலைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க பாஸ். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், கிட்டத்தட்ட 20 வயசு வரைக்கும் டென்னிஸ் பால்லதான் யார்க்கர் போட்டுப் பழகினார். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒருநாள் போட்டி, அடுத்து டி20, 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட். ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகமான முதல் இந்திய வீரர். 2023-ல சொந்த ஊர்லயே ஒரு கிரவுண்டும் ரெடி பண்ணிட்டார். அந்தக் கிரவுண்டைத் திறந்துவச்சது தினேஷ் கார்த்திக். இப்போ எங்க பக்கம் எந்த ஏரியில போய்ப் பார்த்தாலும் நாலு பேர் இடது கையில யார்க்கர் ட்ரை பண்ணிட்டிருப்பாங்க!

ஜிம்மிக்கு இங்க வேலை, சீமைக்கருவேல முள்ளுக்குள்ள போன பந்தைத் தேடி எடுக்கறது. நாம மஞ்சள் பந்தைக் கண்ணால தேடுவோம். நாய்க்கு மஞ்சளும் நீலமும்தான் நல்லாத் தெரியும். சிவப்பு, பச்சை வித்தியாசம் அவ்வளவாத் தெரியாது. அதனால புல்லுக்குள்ள விழுந்த சிவப்பு டேப் சுத்தின பந்தை அது மூக்கால பிடிக்குது. எடுக்கறதுல டாக்டரேட், கொடுக்கறதுல அரியர்! 'டேய், ஜிம்மி வாயில போனா எத்தனை ரன்னு?'ன்னு ஆரம்பிச்ச சண்டையில ஒரு ஓவரே ஓடிடும்.

இது எங்க ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 2021 செப்டம்பர்ல அயர்லாந்துல ஒரு பெண்கள் டி20 அரையிறுதி. டாஸில்னு ஒரு குட்டி நாய் உள்ளே புகுந்து பந்தைக் கவ்விட்டு ஒரு ரவுண்டு அடிச்சது. ஐ.சி.சி-யே அதுக்கு 'இந்த மாத நாய்'னு பட்டம் கொடுத்துச்சு. ஜிம்மிக்கு எங்க டீம்ல இதுவரைக்கும் திட்டு மட்டும்தான்.

காலை 8 மணி, உருண்டை உலகம்

கிரவுண்டுல இருந்து திரும்பற வழியில ஜவ்வரிசி மில்லு. குச்சிக்கிழங்கை (அதாங்க, மரவள்ளி) அரைச்சு, மாவுப் பாலைத் தேங்கவிட்டு, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, சிமென்ட் களத்துல காயப் போடுவாங்க. வெயில் இங்க சும்மா காயலை, சம்பளம் வாங்காத தொழிலாளி! இந்த வியாபாரத்துக்காக சேலத்துல சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-லயே ஆரம்பிச்சாச்சு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. களம் முழுக்கக் கோடிக்கணக்குல குட்டிக் குட்டி வெள்ளைப் பந்து... ஜிம்மிக்கு அது சொர்க்க வாசல். கேட்டுக்கு வெளியவே கயித்தைப் பிடிச்சு நிறுத்திடணும். களத்துக்குள்ள நாய் கால் வச்சா மில்காரங்க விடமாட்டாங்க, அது நியாயம்தான். இன்னொண்ணு, பச்சைக் குச்சிக்கிழங்குத் தோல்லயும் மில்லுக் கழிவுத் தண்ணியிலயும் சயனைடு விஷம் இருக்கும். நாயோ ஆடோ, வாய் வைக்க விடக்கூடாது.

அடுத்தது கோழிப்பண்ணை. நோய்க் கிருமி உள்ளே போயிடக்கூடாதுன்னு மனுஷங்களே மருந்துத் தண்ணியில கால் நனைச்சுட்டுத்தான் உள்ளே போகணும். நாய்க்கு நோ என்ட்ரி. ஆனா எங்க அம்மாயி வளர்க்கற நாட்டுக்கோழி வைக்கப்போர்ல முட்டையிட்டா, அதை முதல்ல கண்டுபிடிக்கறது ஜிம்மிதான். கவ்விக்கிட்டு வந்து காலடியில வைக்கும், ஓட்டுல ஒரு கீறல் இருக்காது! லேப்ரடார் வம்சத்தை பிரிட்டன்ல வளர்த்ததே, சுட்டு விழுந்த பறவையைக் கடிச்சுக் குதறாம கொண்டு வர்றதுக்குத்தான். அந்த மென்மையான வாய், ராசிபுரத்துல முட்டை டெலிவரிக்குப் பயன்படுது.

மாம்பழ சீசன்தான் கொஞ்சம் டேஞ்சர். காத்துல உதிர்ற மாங்கா எல்லாம் அதுக்குப் பந்து. பழுத்த பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை முழுங்கிட்டா குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால சித்திரை, வைகாசியில தோப்புக்குள்ள எங்க வீட்டு ஆள் ஒருத்தர் முன்னாடி போய் மாங்கா பொறுக்குவாங்க. ஜிம்மி அப்புறம்தான்.

ஏன்டா இப்படி?

பந்து ஓடுது, நாய் துரத்துது. நமக்கு இது விளையாட்டு. நாயோட உடம்புக்கு இது வேட்டை. பார், பதுங்கு, துரத்து, கவ்வுன்னு ஓநாய்க் காலத்துல இருந்து வர்ற புரோகிராம். மனுஷன் கடைசிக் கட்டமான கொல்றதை மட்டும் குறைச்சு, துரத்தறதையும் எடுத்து வர்றதையும் கூட்டிக்கிட்டான். முழுக்க மனுஷன் சொல்லிக் கொடுத்ததுன்னும் சொல்ல முடியாது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துக்காரங்க 13 ஓநாய்க் குட்டிங்களுக்குப் பந்து போட்டுப் பார்த்தாங்க. அதுல 3 குட்டி, முன்னப்பின்ன தெரியாத ஆள் கூப்பிட்டதும் பந்தை எடுத்துக்கிட்டு வந்துச்சு. 2020-ல வந்த ஆய்வு இது.

2025-ல சுவிட்சர்லாந்தோட பெர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனாங்க. பொம்மை, பந்துன்னா உயிரை விடற 105 நாய்களை டெஸ்ட் பண்ணினாங்க. அதுல 33 நாய்கிட்ட, அடிமைப் பழக்கம் மாதிரியான குணம் தெரிஞ்சது. சாப்பாடு வச்சாலும் திரும்பாது, வளர்க்கறவங்க கூப்பிட்டாலும் வராது, பந்தை எடுத்து ஒளிச்சு வச்ச பிறகும் அடங்காம அது இருக்கற இடத்தையே சுத்தும். படிச்சதும் எனக்கு ஜிம்மி ஞாபகம் வந்துச்சு. செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி 2 மணிக்கு மொபைலைத் தள்ளிக்கிட்டே இருக்கற எங்க ஹாஸ்டல் மொத்தமும் கூடவே ஞாபகம் வந்துச்சு!

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஸ்டாப் கண்டிஷன் எழுதாத லூப். எறிஞ்சா ஓடும். திரும்ப எறிஞ்சா திரும்ப ஓடும். 'போதும்'ங்கற வரி அதுக்குள்ள இல்லை.

பகல் 11 மணி, வெயிலாட்டம்

அந்த ஒரு வரி இல்லாதது எங்க ஊர்ல உயிர் போற விஷயம்.

ஏப்ரல், மே மாசத்துல சேலம், நாமக்கல் பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டற நாளெல்லாம் உண்டு. மனுஷனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்க்கறது பாதத்துல மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மத்தபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கறதுதான் அதோட ரேடியேட்டர். நாயோட சாதாரண உடம்புச் சூடே 38, 39 டிகிரி இருக்கும். வெயில்ல ஓடி ஓடி அது 41-ஐத் தாண்டினா உள்ளுறுப்புகள் பாதிக்க ஆரம்பிச்சுடும். வாயில பந்து வேற இருந்தா சரியா மூச்சே வாங்க முடியாது.

ரெண்டு சித்திரைக்கு முன்னாடி பக்கத்து ஊர் ஏரியில மத்தியான மேட்ச். செவலைன்னு ஒரு நாய், பவுண்டரி போன பந்தையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துட்டே இருந்துச்சு. யாரும் அதை அடிக்கலை, விரட்டலை. எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்தினாங்க. கடைசியா ஒரு பந்தைக் கொண்டுவந்து பௌலர் காலடியில போட்டுட்டுப் படுத்துச்சு. அப்புறம் எழுந்திருக்கலை.

அன்னைக்கு சாயங்காலமே அப்புச்சி சட்டம் போட்டுட்டார். காலையில 8 மணிக்கு பந்து அம்மாயியோட இரும்பு பீரோவுக்குள்ள போயிடும். சாயங்காலம் 5 மணிக்கு மேலதான் வெளியே வரும். முதல் வாரம் ஜிம்மி பீரோவுக்கு முன்னாடி படுத்து அழுத அழுகை இருக்கே... சோறு வச்சாலும் திரும்பலை. எனக்கே மனசு கேட்கலை. 'பாவம் அப்புச்சி, ஒரே ஒரு தடவை'ன்னு சிபாரிசுக்குப் போனேன். வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னார்: "அது நிறுத்தாது சாமி. நாமதான் நிறுத்தோணும்."

லத்துவாடி கொடுத்த தைரியம்

நாமக்கல்ல இருந்து மோகனூர் போற ரோட்டுல லத்துவாடியில இருக்கு, கால்நடை மருத்துவக் கல்லூரி. 1985-ல ஆரம்பிச்சது. கோழி ஊர்ல கோழிக்கான காலேஜ்னு நினைக்காதீங்க. ஆடு, மாடு, நாய்னு எல்லாத்துக்கும் இங்க வைத்தியம் உண்டு. ஜிம்மிக்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமப் போட்டுடறோம். குட்டிப் பசங்க ஓடற கிரவுண்டுல ஒரு நாயைக் கூட்டிட்டுப் போறோம்னா, இதுதான் முதல் மரியாதை.

பந்துப் பைத்தியம் உங்க வீட்டுலயும் இருந்தா, நாங்க ஃபாலோ பண்ற டிப்ஸ் இதோ...

பந்து தொண்டைக்குள்ள போகாத சைஸ்ல இருக்கணும். சின்ன ரப்பர் பந்து பெரிய நாய்க்கு எமன்.

டென்னிஸ் பாலோட மேல்துணி, மண்ணும் சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்ச்சுடும். துரத்தறதுக்கு ஓகே, நாள் முழுக்கக் கடிச்சுட்டு உட்கார்றதுக்கு வேண்டாம்.

புறங்கையைத் தரையில வச்சு அஞ்சாறு செகண்ட் தாங்க முடியலையா? அன்னைக்கு மேட்ச் கேன்சல்.

உசரமா எறிஞ்சு எகிற விடாதீங்க, முட்டி ஜவ்வு கிழிஞ்சுடும். தரையோட உருட்டி விடுங்க. பத்து நிமிஷம் போதும். கடைசிப் பந்தைப் புல்லுக்குள்ள ஒளிச்சு மோந்து தேட விடுங்க. ஓடறதைவிட மூக்கு வேலையில நாய் சீக்கிரம் அடங்கும். அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டு, பந்தைக் கண்ணுல படாம வச்சுடுங்க.

நடை தள்ளாடி, எச்சில் கெட்டியா வழிஞ்சு, நாக்கு கருஞ்சிவப்பாச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிவிட்டு, அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட ஓடுங்க. முதல்ல தண்ணி, அப்புறம்தான் வண்டி.

சாயங்காலம் 5 மணி, இன்னொரு இன்னிங்ஸ்

மேற்கால வெயில் இறங்கி, ஏரி மண்ணு ஆறி, டிராக்டர் எல்லாம் வீடு திரும்பற நேரத்துல ஜிம்மி பீரோ முன்னாடி அட்டென்ஷன்ல நிக்கும். கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனா 5 மணி தெரியும். இப்போல்லாம் பகல்ல அழறதில்லை. வேப்பமரத்தடியில மண்ணைப் பறிச்சு, அடியில இருக்கற குளிர்ச்சியில படுத்துத் தூங்குது. ஊர்ப் பெரிசுங்க கயித்துக் கட்டிலைப் போட்டுக்கிட்டுச் சாயறதும் அதே மரத்தடியில, அதே நேரத்துல. 11 மணிக்கு மேல இந்த மண்ணுல எவனும் ஓடக்கூடாதுங்கறது அவங்களுக்கு எப்பவோ தெரியும். எனக்கு அதை ஜிம்மியை வச்சுத்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

சேலம், நாமக்கல் பக்கம் வர்ற ஐடியா இருந்தா தை, மாசியில வாங்க. காலை வெயில் இதமா இருக்கும். கொல்லிமலை பளிச்சுன்னு தெரியும். ஏரியில கண்டிப்பா ஏதாவது ஒரு மேட்ச் ஓடிட்டிருக்கும், ஒரு ஆள் குறைஞ்சா உங்களையும் சேர்த்துக்குவாங்க. ஒரே ஒரு விஷயம்... வரும்போது ரெண்டு பந்தா எடுத்துட்டு வாங்க பாஸ். ஒண்ணு எப்படியும் பீரோவுக்குப் போயிடும்!