போதும் என்று சொல்ல வைப்பது எது?

ஓடைப்பட்டிப் பந்தல்களில் விளையும் விதையில்லாத் திராட்சையைத் தின்னும்போது எவ்வளவு தின்றோம் என்பதே தெரிவதில்லை. கம்பம், கூடலூர் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை என்றால் கொட்டையைத் துப்ப வேண்டும். அந்த இடைவெளியில் வயிறு ஒரு வார்த்தை சொல்லிவிடும். விதை இல்லாவிட்டால் கொத்து காலியான பிறகுதான் அது வாய் திறக்கும்.

பழத்தையும் பசியையும் சேர்த்து நினைத்தாலே மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை என் முன்னே வந்து நிற்கிறாள். கணவனோடு பொதிகை மலையைப் பார்க்க வந்த விஞ்சையர் என்னும் வானவர் குலப் பெண் அவள். அங்கே 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை உண்டு வாழ்கிறான் விருச்சிக முனிவன். பனம்பழம்போல் பெரிய, கரிய கனி அது. அதுவே அவனுக்கு அடுத்த 12 ஆண்டுக்கும் போதும். அதைத் தேக்கிலையில் வைத்துவிட்டு அவன் நீராடப் போன நேரத்தில், காயசண்டிகை காலால் சிதைத்துவிடுகிறாள். 12 ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடும்படி சபிக்கிறான் முனிவன். கடலை அடைக்கக் குரங்குகள் எறிந்த மலைகளெல்லாம் கடலின் வயிற்றில் மறைந்ததுபோல், தின்ற சோறெல்லாம் தன் வயிற்றுக்குள் காணாமல் போகிறது என்று அவள் காப்பியத் தலைவி மணிமேகலையிடம் அழுகிறாள். மணிமேகலையின் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு கையில் விழுந்ததும் பசி அடங்குகிறது. மலையளவு சோறு செய்யாததை ஒரு பிடி செய்துவிட்டதே என்று வாசிக்கும்தோறும் வியக்கிறேன்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் காயசண்டிகையைப்போலவே பசி அடங்காத ஓர் எலி வகையைக் கண்டார்கள். தின்றுகொண்டே இருக்கும், மற்ற எலிகளைப்போல் மூன்று மடங்கு எடை ஏறும். காரணம் 1994இல்தான் பிடிபட்டது. ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்த ஒரு மரபணுவில் இருந்தது அது. கொழுப்பிலிருந்து கிளம்பி, ‘கையிருப்பு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு அந்த எலிகளுக்கு இல்லை. அடுத்த ஆண்டே அதை ஊசியில் ஏற்றினார்கள். எலிகள் தீனியைக் குறைத்துக்கொண்டன. பிரிட்டனில் இதே குறையோடு பிறந்த ஒரு சிறுமிக்கு லெப்டின் கொடுத்ததும் தீராப் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோ எடை குறைந்தது. 1999இல் வெளிவந்த செய்தி இது.

இத்தகைய குறையோடு பிறப்பவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் ‘போதும்’ என்பதை மன உறுதிக்கு மட்டும் உரியதாக என்னால் இனி எண்ண முடியவில்லை. எங்கிருந்தோ செய்தி வந்து சேர்ந்தால்தான் யாராலும் அப்படிச் சொல்ல முடியும். மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனார் காயசண்டிகையின் பசியை நோய் என்றே சொன்னார். அதற்கு மருந்தும் கொடுத்தார். பந்தியில் மறுசோறு கேட்கும் பிள்ளையைப் ‘பெருந்தீனி’ என்று ஏசுகிறவர்கள் அந்தக் காதையை ஒருமுறை படிக்க வேண்டும். படித்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளையிடம் பரிவோடு பேசுவார்கள்.