மண்ணைப் பிரிந்தும் பண்ணைப் பிரியாதவர்

பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில் வாழ்பவர் இரு வகையினர். ஒருவர், பிழைப்பை நாடித் தாமே புறப்பட்டவர்; விழா வந்தால் ஊருக்குப் போவார், மனம் மாறினால் திரும்பியும் விடுவார். மற்றொருவர், புறப்படாவிட்டால் உயிர் தங்காது என்ற நிலையில் வெளியேறியவர்; அவருக்குத் திரும்பும் வழி அடைபட்டுப் போகிறது. பங்காருபாளையத்தில் குடியிருக்கும் நாங்கள் முதல் வகையினர். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே அமைந்தது எங்கள் ஊர். காலையில் பஸ் ஏறினால் பகலுணவுக்கு வேலூரில் உறவினர் வீட்டில் இருப்போம். எங்களுக்குப் பிரிவு என்பது அவ்வளவே.

இப்பகுதியில் வீடு மாறாமலே மாநிலம் மாறிய தமிழரும் உண்டு. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சென்னை மாநிலத்தினின்று பிரிந்து அதனோடு சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. கோடு நகர்ந்தது, குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் பள்ளியில் பிள்ளைகள் கற்கும் எழுத்து மாறிற்று.

கோடுகளைப் பொருட்படுத்தாத ஒரு பொருள் இசை. எங்களுக்கு அண்மையிலுள்ள புங்கனூரில் 1898-இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் குருகுலவாசமாகப் பயின்று, 1954-இல் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பைப் பெற்றார். பின்னர்த் திருப்பதி இசைக்கல்லூரியின் தலைவராகவும் அமர்ந்தார். கற்க ஓர் ஊர், கச்சேரிக்கு ஓர் ஊர், கற்பிக்க ஓர் ஊர் என்று அவர் வாழ்வு அமைந்தது; எல்லா ஊரும் அவருக்குத் திறந்தே இருந்தன. ஊர் திறவாத ஒரு பாடகியின் கதையை அறிந்த பிறகே, இது எத்தனை பெரிய பேறு என்பது எங்களுக்கு விளங்கிற்று.

ஒரு நாள் மாலை, எங்கள் மூத்த பேரன் தன் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டான். மொழி புரியவில்லை. ஆனால் ஆர்மோனியமும் தபலாவும் பழகிய குரலாய் ஒலித்தன. கூடவே ரபாப் என்னும் தந்திக்கருவி ஒலித்தது. பாடியவர் ஆப்கானிஸ்தானத்தின் பரீதா மஹ்வஷ் என்னும் அம்மையார். அவர் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

அவர் 1947-இல் காபூலில் பிறந்தவர். மஹ்வஷ் என்றால் நிலவை ஒத்தவள் என்று பொருள்; அது இசையுலகில் அவருக்கு வழங்கிய பெயர். காபூல் வானொலி நிலையத்தில் அலுவலகப் பணிக்குச் சேர்ந்தவரின் குரல் வளத்தை அங்குள்ளோர் கண்டுகொண்டனர். பெண்கள் பாடுவதைக் குடும்பத்துக்குக் குறைவாகக் கருதிய காலம் அது. அவரோ பெயர்பெற்ற ஆசிரியர்களிடம் ராகமும் தாளமும் முறையாகப் பயின்றார். கஜல் பாடுவதில் புகழ் பெற்றார். 1977-இல் அவருக்கு 'உஸ்தாத்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. நம் நாட்டில் இசைப் பேராசான் என்று போற்றுவதற்கு ஒப்பான அப்பட்டத்தை, ஆப்கானிஸ்தானத்தில் முதன்முதலாகப் பெற்ற பெண்மணி அவரே.

அவர் பாடிய இசை நம் செவிக்கு அந்நியமாய்த் தோன்றாததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து பாடகரையும் வாத்தியக்காரரையும் வரவழைத்துக் காபூலில் குடியமர்த்தினார். அவர்கள் வாழ்ந்த தெருவுக்குக் கராபாத் என்று பெயர். அவர்தம் மக்களும் பேரரும் ஆப்கானியராகவே ஆகி, இந்துஸ்தானி ராகங்களைப் பாரசீகக் கவிதையோடு இணைத்து ஒரு புதிய மரபை வளர்த்தனர். பிழைக்கச் சென்றவர்கள் சென்ற நாட்டின் செல்வமாயினர் என்பதை, வெளியூரில் வாழும் நாம் ஊன்றி எண்ணவேண்டும்.

ஆனால் காலம் மாறிற்று. 1979-இல் சோவியத் படை நுழைந்தது, போர் நீண்டது. 1991-இல் மஹ்வஷ் அம்மையார் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்கு வெளியேறினார். அங்கும் அமைதி கிட்டவில்லை. போரிட்ட இரு தரப்பாரும், எங்களுக்காகப் பாடு, இல்லையேல் உயிர் தப்பாது என்று அச்சுறுத்தினர். பாடினாலும் ஆபத்து, பாடாவிட்டாலும் ஆபத்து, மறைந்து வாழ்ந்தார். முடிவில் அமெரிக்கா அவருக்குப் புகலிடம் அளித்தது, கலிபோர்னியாவில் குடியேறினார்.

புதிய நாட்டில் அவர் பாட்டை மூட்டை கட்டி வைக்கவில்லை. ஐரோப்பாவில் வாழ்ந்த ஆப்கானிய இசைஞரின் காபூல் இசைக்குழுவோடு சேர்ந்து, பழைய வானொலிப் பாட்டுகளை மீண்டும் பாடினார். 2003-இல் பி.பி.சி. வானொலியின் உலக இசை விருது அவருக்கும் அக்குழுவுக்கும் கிடைத்தது. அப்பாட்டுகள் பிறந்த நாட்டிலோ, 1996 முதல் 2001 வரை தாலிபான்கள் இசையையே தடை செய்திருந்தனர். 2021 ஆகஸ்டில் அவர்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். அம்மாதமே பவாத் அந்தராபி என்னும் நாட்டுப்பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023-இல் ஹேராத் பகுதியில் இசைக்கருவிகளைக் குவித்துத் தீயிட்டனர். காபூல் தேசிய இசைக்கல்விக் கழகத்தின் மாணவரும் ஆசிரியரும் 2021 இறுதியில் போர்ச்சுகல் சென்று தஞ்சம் புகுந்தனர். ஆகவே அந்நாட்டின் இசை இன்று பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளிலே தங்கி வளர்கின்றது.

இதைப் படித்த இரவு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. எங்கள் அன்னையாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. தாலாட்டும் நடவுப் பாட்டும் கும்மியும் அவர் நினைவில் நிறைந்துள்ளன, ஏட்டில் ஒன்றுமில்லை. மஹ்வஷ் அம்மையார் பாட்டுக்கு நாடாப் பதிவுகளேனும் உண்டு. எங்கள் அன்னையாரின் பாட்டு அவர் மூச்சோடு சேர்ந்தது. எவரும் அதைத் தடை செய்யவில்லை, தீயிடவுமில்லை. ஆனாலும் கேட்பவர் இல்லாமையால் ஒரு பாட்டு அழியக்கூடும் அன்றோ?

ஆகவே ஞாயிறுதோறும் அவரைப் பாடச் சொல்லி எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பைப் பேத்தி ஏற்றாள். அவள் தெலுங்குப் பள்ளியில் படிப்பவள்; தமிழ் பேசுவாள், எழுத அறியாள். எனவே தமிழ்ப் பாட்டைத் தெலுங்கெழுத்தில் எழுதத் தொடங்கினாள். அது தகாது, தமிழெழுத்திலேயே எழுதவேண்டும் என்றார் வீட்டில் ஒருவர். எழுத்தைக் கற்கும்வரை பாட்டி காத்திருப்பாரா என்றார் மற்றொருவர். இரண்டும் நியாயமே. வழக்கைத் தீர்த்தவள் பேத்திதான். ஏழெட்டு வரிகள் எழுதியவள் நிமிர்ந்து, "பாட்டி, 'மழை'க்கு எந்த எழுத்துப் போடுவது? எங்கள் எழுத்தில் அது இல்லையே!" என்று கேட்டாள். அன்னையார் அவள் கையைப் பிடித்து ழகரத்தை எழுதிக் காட்டினார். தெலுங்கு வரிகளுக்கு நடுவே அந்த ஒற்றைத் தமிழெழுத்து அமர்ந்தது. அடுத்த வாரம் றகரமும் னகரமும் வந்து சேர்ந்தன. இப்போது அந்நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் தமிழெழுத்துகள் பெருகி வருகின்றன. நாற்பது பாட்டுகள் ஏறியுள்ளன. அன்னையாரின் குரலையும் கைபேசியில் பதிந்து வைத்துள்ளோம்.

அன்பர்களே! நம்முள் எவர் வீட்டிலும் ஒரு முதிய குரல் இருக்கும். அதற்கு அரங்கு வேண்டாம், பட்டம் வேண்டாம். எதிரே அமர்ந்து கேட்க இருவர் போதும். ஊரையே இழந்த ஓர் அம்மையார் தம் பாட்டை இழக்காமல் கடல் கடந்து காத்தார். ஊருக்குப் போகவர வழியுள்ள நமக்கு அது அரிதாகுமோ? வரும் ஞாயிறன்று ஒரு நோட்டும் ஒரு பேனாவும் எடுத்து வைத்து, வீட்டுப் பெரியவரைப் பாடச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் எழுதினாலும் தொடங்குங்கள். விடுபட்ட எழுத்துகள் தாமே வந்து சேரும்.