கடியார வைத்தியம்

நம் நாட்டில் கேளாமலே வைத்தியம் சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தலைவலி என்று முனகினால் போதும். பத்துப் பேர் பத்துக் கஷாயம் சொல்லுவார்கள். மனித உடம்பு இதையெல்லாம் எப்படியோ தாங்கிக் கொள்கிறது. கடியாரம் தாங்குவதில்லை.

சாவி கொடுக்கும் கைக்கடியாரத்தின் உள்ளே நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மயிரிழை போன்ற சுருள்வில்லின் பிடியில் ஒரு சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. 1961-ஆம் ஆண்டில் எச்.எம்.டி., ஜப்பானிய ஸிடிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடியாரத் தொழிற்சாலை கண்டது. அந்த எச்.எம்.டி.யின் 'ஜனதா' கடியாரத்தில் இச்சக்கரம் மணிக்கு 18,000 தடவை அசையும். நாள் ஒன்றுக்கு 4,32,000! தேய்மானத்தைத் தாங்க 17 சிறு கற்கள்.

எங்கள் பாட்டனார் அணிந்திருந்தது அத்தகைய ஒரு ஜனதா. காலையில் அதற்குச் சாவி கொடுத்த பிறகே காப்பி அருந்துவார். அவர் காலமான சில வருஷங்களில் அது நாளொன்றுக்குச் சில நிமிஷம் பின்தங்கலாயிற்று. உள்ளே எண்ணெய் உலர்ந்ததுதான் காரணம். கழுவிப் புது எண்ணெய் இட்டால் தீர்ந்திருக்கும். சிற்றப்பா அதை, பாட்டரி மாற்றுவதில் மட்டுமே பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்தார்.

"ஐந்து நிமிஷ வேலை" என்றார் அவர். ஐந்து நிமிஷந்தான் ஆயிற்று! முறுக்கேறிய வில்லின் விசையை முதலில் தளர்த்த வேண்டும், அவர் தளர்த்தவில்லை. சக்கரத்தைப் பல் பல்லாக நகரவிடும் கவையைக் கழற்றியதும், சக்கரங்கள் கட்டவிழ்ந்த காளைகளாய்ச் சுழன்றன. ஒன்றின் பல் முறிந்தது. அளவில் பொருந்தாத திருப்புளி ஸ்குரூவின் தலையைச் சிதைத்துத் தகட்டையும் கீறிற்று. போதாக்குறைக்கு எண்ணெயைத் தாராளமாகச் சொட்டினார். எண்ணெய் சுருள்வில்லில் படர்ந்தால் சுற்றுக்கள் ஒட்டிக்கொள்ளும். வில் குறுகியது போலாகிக் கடியாரம் தறிகெட்டு முன்னே ஓடும். இதுவோ ஓடவே இல்லை.

பின்னர் அதைத் திறந்து பார்த்த முதிய தொழிலாளி ஒருவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது தானாகக் கெட்டதில்லை, ஸார், கெடுத்திருக்கிறார்கள்" என்றார்.

எச்.எம்.டி. கடியாரக் கம்பெனியை மூடிவிட மத்திய சர்க்கார் 2016-ஆம் ஆண்டில் அனுமதி அளித்துவிட்டது. முறிந்த பல்லுக்கு மாற்றுச் சக்கரம் இனித் தொழிற்சாலையிலிருந்து வராது. இன்னொரு ஜனதாவின் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். சுதந்திர பாரதம் தானே செய்து தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட பொருள் இவ்வாறு ஒவ்வொன்றாய்க் குறைகிறது.

ஆகவே, பாட்டனார் கடியாரத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. கொடுக்குமுன், "திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "வில்லைத் தளர்த்துவேன்" என்பவர் கூலி அதிகம் கேட்டாலும், ஒரு வாரம் தவணை சொன்னாலும் நம்பிக் கொடுக்கலாம். "இது எனக்குப் பழக்கமில்லை" என்று திறவாமலே திருப்பித் தருகிறவர் வாய்த்தால், அவருக்கும் ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு வாருங்கள். அவரால் உங்கள் கடியாரம் பிழைத்தது.