களிமண் க்ளாஸ், கோலம் பீரியட்!

கடலூர்னா சில்வர் பீச், சிதம்பரம்னா நடராஜர் கோயில், பிச்சாவரம் படகு. நாலு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறீங்கதானே? இந்த வாட்டி ரூட்டைக் கொஞ்சம் மாத்துங்க பாஸ்! போற ஊர்ல ஒரு தொடக்கப் பள்ளிக்குள்ள நுழையுங்க. வாண்டுகளுக்கு ஒரு கைவேலை சொல்லிக்கொடுங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்குறது முக்கியம். சார்ட், தெர்மாகோல், சமிக்கி எதுவும் வாங்காதீங்க. வேண்டியது எல்லாம் அந்த ஊர்லயே இருக்கு.

ஃபர்ஸ்ட் ஸ்டாப், கடலூர் வண்டிப்பாளையம். நவராத்திரிக்கு முன்னாடி போங்க. கொலு பொம்மை செய்யுற வீடுகளைப் பார்க்கலாம். அச்சுல களிமண்ணை அழுத்தி, முன்பாதி பின்பாதியை ஒட்டி, காயவெச்சு, சூளையில சுட்டு, அப்புறம்தான் பெயின்ட். வேடிக்கை பார்த்ததோட நிக்காம, பிசைஞ்ச மண்ணைக் காசு கொடுத்து வாங்கிக்குங்க.

க்ளாஸ்ல அச்சும் வேண்டாம், சூளையும் வேண்டாம். உருண்டை, திரி, தட்டை... இந்த மூணையும் உருட்டத் தெரிஞ்சா யானையும் ரெடி, மீனும் ரெடி. பென்சில் பிடிக்கிற விரலுக்கும் நல்ல எக்சர்சைஸ். ஒரு பொம்மையை வெயில்லயும் ஒண்ணை நிழல்லயும் வைக்கச் சொல்லுங்க. வெயில்ல வெச்சதுல விரிசல் விழ வாய்ப்பு அதிகம். மேல்பக்கம் சட்டுனு காய்ஞ்சு சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். நமக்கு அது 16 மார்க் கேள்வி. பொம்மைக்காரருக்கு தினசரி அனுபவம்!

'யார் வீட்ல பொம்மை செய்வாங்க?'னு கேட்டுப் பாருங்க. சட்டுனு யாரும் கை தூக்க மாட்டாங்க. மண்ணு வேலைன்னா கௌரவக் குறைச்சல்னு இந்த வயசுலயே மனசுல ஏறியிருக்கு. ஆனா, உருட்ட ஆரம்பிச்சதும் ஒரு கை தனியாத் தெரியும். ரெண்டே அழுத்துல காதும் மூக்கும் வந்துடும். அந்தக் குட்டியை முன்னாடி கூப்பிட்டு டீச்சராக்கிட்டு, நீங்க தரையில உட்காருங்க.

அடுத்து சிதம்பரம். கடலூர்லேர்ந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். மார்கழியில போனா, ஆருத்ரா தரிசனத் தேர் சுத்தி வர்ற வீதிகள்ல கோலம் பார்க்கலாம். அதையே பாடமாக்குங்க. நேர்ப்புள்ளி வெச்சு, நடுவுல 7, ரெண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் எத்தனை? 25. இப்போ சதுரங்கக் கட்டம் மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு ரெண்டு கலர் கொடுங்க. ஒரு கலர்ல 16, இன்னொரு கலர்ல 9. நாலு நாலா ஒரு சதுரம், மூணு மூணா ஒரு சதுரம். தலையைச் சாய்ச்சுப் பார்த்தா தெரியும். வாய்ப்பாடு தானா வருது!

'கோலமா? அது பொண்ணுங்க வேலை'னு பசங்க நழுவுவாங்க. விடாதீங்க. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974-லயே கோலத்தை வெச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வுக் கட்டுரை எழுதினவங்க. கிஃப்ட் சிரோமணி நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில பேராசிரியரா இருந்தவர். சின்னச் சின்ன விதியைத் திரும்பத் திரும்பப் போட்டா பெரிய உருவம் வரும்ங்கிறதுதான் சங்கதி. தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்ல அரியர் வெச்சிருக்கிறவங்களும் கோலத்தைக் கவனிங்க!

சர்டிஃபிகேட் எதிர்பார்க்காதீங்க. பொம்மைகளைக் குழந்தைங்க வீட்டுக்கே கொடுத்தனுப்புங்க. ஒரு வாரம் கழிச்சு டீச்சருக்கு போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 'எந்தப் பையனாவது வாசல்ல புள்ளி வெச்சானா மேடம்?'