நோட்டுல பேரு இருக்கணும்

போன டிசம்பர்ல நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு லிஸ்ட் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? 'கிறிஸ்துமஸ் லைட் பணம் தலைக்கு 100 ரூபாய், இன்னும் தராதவர்கள்' என்று தலைப்பு, கீழே 14 பெயர்கள். அதை டைப் பண்ணி அனுப்பினது நான்தான். வசூல் என் பொறுப்பு, கணக்கு சுத்தமா இருக்கணும்னு நினைச்சேன். ஸ்டாரும் சீரியல் லைட்டும் போட்ட அன்னிக்கு எல்லாரும் கீழே நின்னு போட்டோ எடுத்தோம். அந்த 14 பேர்ல ஒருத்தர் மட்டும் ரூமை விட்டு வெளியே வரல. நானும் போய்க் கதவைத் தட்டல.

அந்த மூடின கதவைப் பார்த்ததும் எனக்கு எங்க வீட்டுத் தறிக்குழி ஞாபகம் வந்தது.

எங்க ஊர் ஆரணி. பட்டு நெசவு வீடு. எங்க தெரு அம்மன் கோயிலுக்கு ஆடி மாசம் சீரியல் லைட் கட்டுறது முழுக்கத் தெரு வசூல்தான். ஒரு நீள நோட்டு, வீட்டுக்கு ஒரு வரி. நான் எட்டாவது படிச்ச வருஷம் முதலாளிகிட்ட இருந்து பாவு வரல. ரெண்டு மாசம் தறி சும்மா கிடந்தது. வசூல்காரங்க குரல் கேட்டதும் அப்பா தறிக்குழிக்குள்ள இறங்கி, இல்லாத பாவைச் சரிபண்ற மாதிரி உட்கார்ந்துட்டார். நோட்டு வச்சிருந்தவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. நேரா உள்ளே வந்து, "ஏம்பா, பதினோரு ரூபா குடு, போதும். நோட்டுல பேரு இருக்கணும்" என்றார். அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. அந்த வருஷம் தெருவுல ஒரு சரம்கூடக் குறையல. எங்க பங்கை யார் போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

ஊர்ப்பணத்துல எரியற விளக்குன்னா எங்க மாவட்டத்துல முதல்ல திருவண்ணாமலை தீபம்தான். 2,668 அடி மலை உச்சியில, கார்த்திகை அன்னிக்குச் சாயங்காலம் 6 மணிக்கு ஏத்தினா 11 நாள் எரியும். நெய் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோ ஆகும். திரிக்குக் காடாத் துணி. அந்த நெய்க்கு யார் வேணும்னாலும் காணிக்கை கட்டலாம், கால் கிலோவுக்குக்கூட. கொப்பரையில சேர்ற மையை ஆருத்ரா தரிசனத்துல நடராஜருக்குச் சாத்திட்டு, காணிக்கை கட்டினவங்களுக்குப் பிரசாதமா தருவாங்க. உச்சியில எரியும்போது எந்தச் சுடர் யார் நெய்னு பிரிக்க முடியுமா?

கிறிஸ்துமஸ் விளக்குக்கும் இப்படி ஒரு ஊர் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில மவுஸல்னு ஒரு மீன்பிடி கிராமம். 1963ல் ஜோன் கில்கிறிஸ்ட் என்ற ஓவியர் துறைமுகத்துல கட்டின ஒரு சரத்துல ஆரம்பிச்சது. இன்னிக்கும் ஊர்க்காரங்க உழைப்புலயும் நன்கொடையிலயும்தான் நடக்குது. 1981 டிசம்பர் 19 அன்று புயல்ல சிக்கின ஒரு கப்பலைக் காப்பாத்த இந்த ஊர்க்காரங்க 8 பேர் உயிர்காப்புப் படகுல போனாங்க. ஒருத்தரும் திரும்பல. அந்த வருஷ விளக்குகளை ஏத்தி வச்சவரும் அந்த 8 பேர்ல ஒருத்தர். ஊரே இருட்டாச்சு. சில நாள்லயே, விளக்கை மறுபடி ஏத்துங்கன்னு கேட்டது அவரோட மனைவி. இப்பவும் ஒவ்வொரு டிசம்பர் 19 ராத்திரியும் ஒரு மணி நேரம் விளக்குகளை அணைச்சு அந்த 8 பேரை நினைக்கறாங்க.

இப்ப நம்ம பாடத்துக்கு வர்றேன். 40 குண்டு பல்பு தொடரிணைப்புல இருக்குன்னு வச்சுக்கோங்க. 230 வோல்ட்டை 40 ஆல் வகுத்தா ஒரு பல்புக்கு 5.75 வோல்ட். சாதா பல்புல ஒண்ணு போனா சரமே போச்சு. ஷன்ட் வச்ச பல்புல அப்படி இல்ல. இழை அறுந்ததும் உள்ளே இருக்கற மெல்லிய கம்பி கரண்ட்டைக் கடத்திடும். மீதி 39 பல்பும் ஆளுக்கு ஏறக்குறைய 5.9 வோல்ட் தாங்கும். அவ்வளவுதான் கூடுதல் சுமை. நிறைய பல்பு போனா மத்ததும் சீக்கிரம் போயிடும், அதுவும் உண்மைதான். ஆனா எரியாத அந்தப் பல்பை 'இது வேஸ்ட்டு'ன்னு ஹோல்டர்ல இருந்து கழட்டிப் பாருங்க. மொத்தச் சரமும் அணைஞ்சிடும். எரியலைன்னாலும் அது அங்கே இருக்கணும்.

பெரியப்பா சர்க்யூட் தியரி படிச்சவர் இல்ல. அவருக்குத் தெரிஞ்சது, நாலு வருஷம் பொறியியல் படிச்ச எனக்கு லிஸ்ட் போடும்போது தெரியல.

இந்த டிசம்பரும் வசூல் என்கிட்டதான். மெஸ் வாசல்ல ஒரு உண்டியல், பக்கத்துல ஒரு நோட்டு. உண்டியல்ல முடிஞ்சதைப் போடுங்க. நோட்டுல பேரு மட்டும் எழுதுங்க, தொகை வேண்டாம். மொத்த வரவும் கடை பில்லும் குரூப்புல வரும். பத்து ரூபா போட்டாலும், இந்த மாசம் ஒண்ணுமே முடியலைன்னாலும் பேரை எழுதிடுங்க.

போன வருஷத்து 14 பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். இந்தத் தடவை லைட் போடறதுக்கு முன்னாடி ஒரு கதவைத் தட்டணும்.