காழும் வெளிறும்

தொல்காப்பிய மரபியலை முதுகலை மாணவர்களுக்கு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஓரிடத்தில் சலசலப்பு எழும். உறுதியான பகுதி புறத்தே அமைந்திருந்தால் புல், அகத்தே அமைந்திருந்தால் மரம் என்று அந்நூல் பகுக்கிறது. உரையாசிரியர்கள் பனையையும் தெங்கையும் புல்லில் சேர்ப்பார்கள். வானளாவ நிற்கும் பனை புல்லா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒருவித்திலை, இருவித்திலை என்னும் இன்றைய தாவரவியல் பகுப்போடு அதைப் பொருத்திக் காட்டி, முன்னோரின் நுண்ணறிவை வியந்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குச் செல்வது தமிழாசிரியர்களின் வழக்கம். ஆனால் அந்தப் பகுப்பில் ஒரு தொழிலறிவும் அடங்கியிருக்கிறது. உறுதியான அப்பகுதிக்குப் பழந்தமிழ் தரும் பெயர் காழ். ஊர் வழக்கில் வைரம். வைரம் பாயாத, வெளுத்த பகுதி வெளிறு. திருக்குறளில் வெளிறு என்னும் சொல் அறியாமையைக் குறித்து வருகிறது. மரவேலை செய்பவருக்கோ இவ்விரு சொற்களும் அன்றாடக் கணக்கு.

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊரான இளையரசனேந்தல். மழை குறைவு. பெய்கிற மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வறண்டு வீசும். கொடியில் போட்ட வேட்டி மடிப்பதற்குள் உலர்ந்துவிடும். இங்குள்ள பழைய ஓட்டு வீடுகளைத் தாங்கி நிற்பவை பனங்கைகள். வயது முதிர்ந்த பனையை வெட்டிப் பிளந்து, உள்ளேயிருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, புறத்தேயுள்ள கறுத்த வைரத்தை மட்டும் கைமரமாக எடுப்பார்கள். சோறு நீரையும் மாவையும் தேக்கி வைக்கும் பகுதி. பூஞ்சைக்கும் உளுவுக்கும் அதுதான் உணவு. வேம்பிலும் பூவரசிலும் இது தலைகீழ்: உள்ளே வைரம், வெளியே வெளிறு. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதற்கு அந்தப் பழைய பகுப்பே இன்றும் போதுமான வழிகாட்டி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் அம்மாவுக்காக ஓர் அறை கட்டினோம். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. பழைய அறையின் சுவரிலும் அலமாரியிலும் மழைக்காலந்தோறும் பூஞ்சை படர்ந்தது; அது படரும் நாட்களில் அம்மாவின் மூச்சு இரைவது பக்கத்து அறைவரை கேட்கும். பூஞ்சை வித்துகள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். புது அறைக்கு இடமளிக்க, அப்பா நட்ட வேம்பைச் சித்திரையில் வெட்ட வேண்டியதாயிற்று. அந்த மரத்திலேயே நிலையும் கதவும் சன்னலும் செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. அண்ணன் திருப்பூரில் வேலை செய்கிறார். ஆவணியில் பால் காய்ச்சுவதற்கு நாள் குறித்து, விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆசாரி அறுத்த சட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் மறுத்தார்.

“பச்சை மரம் தம்பி. இப்ப நிலை இழைச்சா, தையில கதவு சாத்தாது.”

அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள அறிவியல் எளிமையானது. மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. உயிரணுக்களின் குழிகளில் தளதளவென்று நிற்பது ஒன்று. உயிரணுச் சுவர்களுக்குள் பிணைந்து கிடப்பது மற்றொன்று. முதலில் வெளியேறுவது குழிநீர். அது போகும்வரை மரம் எடை குறையுமே தவிர அளவு குறையாது. உலர்ந்த எடையில் நீரின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு வரும்போது குழிகள் காலியாகிவிடுகின்றன. அதன்பின் சுவர்நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவதும் கோணுவதும் வெடிப்பதும் அப்போதுதான். மரம் முற்றிலும் வறண்டுவிடுவதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுகொள்கிறது. அந்தச் சமநிலைக்கு வருமுன் இழைத்துப் பொருத்திய நிலை, சுவருக்குள் இருந்துகொண்டே மீதிச் சுருக்கத்தை நடத்தும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 287, காற்றின் ஈரத்தைக் கொண்டு நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கான மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வகுத்திருப்பது இதனால்தான்.

பூஞ்சைக்கும் இதே கணக்குதான். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சை வளர்வது அரிது. அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு விருந்து. வெளிறில் உள்ள சர்க்கரையையும் மாவையும் தின்று சாம்பலாகவும் நீலமாகவும் கறுப்பாகவும் படரும். வைகாசியில் எதிர்பாராமல் இரண்டு நாள் கோடைமழை பெய்தபோது, நனையக் கூடாதே என்று அண்ணன் சட்டங்களின்மேல் ஒரு தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் பாயின் கீழிருந்த வெளிறு முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. பாய் எட்டாமல் காற்றுப்பட்டு நின்ற இரண்டு சட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. மழைநீர் மேலே பட்டதைவிட, உள்நீர் வெளியேற முடியாமல் போனதே கேடு.

பூத்த சட்டத்தை அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “கார்த்திகை மாசத்துக் குச்சி மாதிரி இருக்கு” என்றார்.

அம்மா முப்பது ஆண்டுகள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர். என்னுடைய முதுகலைப் பட்டம் அந்தக் கூலியில் வந்தது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு பலரும் அறிந்தது. அத்தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வேரூன்றியதற்கு இங்குள்ள வறட்சியும் ஒரு காரணம். வெயிலும் வறண்ட காற்றும் இங்கே இலவசம். தீக்குச்சி செய்வது ஒரு வகையில் மரம் உலர்த்தும் தொழில்தான். கேரளத்திலிருந்து லாரிகளில் வரும் மென்மரத் தடிகளை ஈரம் காயாமலே சுழற்றி, தாளைப் போலச் சீவி, குச்சிகளாக நறுக்குவார்கள். காய்ந்த தடியைச் சீவ முடியாது; காயாத குச்சியில் மெழுகும் மருந்தும் சரியாக ஏறாது. இடைப்பட்ட வேலை முழுவதும் களத்து வெயிலுடையது. ஐப்பசியில் நான்கு நாள் தொடர்ந்து மூடாப்பு போட்டால் குவித்து வைத்த குச்சி புழுங்கிக் கறுக்கும். கறுத்த குச்சியைக் கழிப்பார்கள். அடுக்கும் கட்டைகளின் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்களுக்கு அந்த வாரம் கூலி குறையும். இன்று இயந்திரங்களும் வெப்பக்காற்று அறைகளும் வந்துவிட்டன. அம்மாவின் காலத்தில் ஒரு பிடி குச்சியைக் கையில் குலுக்கி, ஓசையைக் கேட்டே காய்ந்ததா என்று சொல்லிவிடுவார்களாம்.

பூஞ்சையைப் பார்த்ததும் அண்ணன் நகரத்தில் ஒரு கடைக்குச் சென்று மரத்துக்கு அடிக்கும் மருந்து ஒரு டப்பா வாங்கி வந்தார். மருந்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. அடித்துவிட்டால் ஆவணியில் வேலையை முடித்துவிடலாம் என்பது கடைக்காரர் கொடுத்த உறுதி.

மரத்துக்கு நஞ்சூட்டிக் காக்கும் வழியில் உலகப் புகழ்பெற்ற ஒரு கண்டுபிடிப்பு நம் நாட்டில் நிகழ்ந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோண்டி காமேசன் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த ஒரு கலவையை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும்; ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும்; குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரையாமல் நிறுத்தும். மின்கம்பங்களும் கடலோரத் தூண்களும் வேலிகளும் உலகெங்கும் பல பத்தாண்டுகள் அந்தக் கலவையால் நின்றன. ஆனால் ஆர்சனிக் ஆர்சனிக்தான். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதை ஏற்றுவது 2003-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. அத்தகைய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு தங்கும். இழைப்புச் சுருளும் துண்டும் நேரே அடுப்புக்குப் போகும் எங்களூர் போன்ற இடங்களில் அதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கம்பத்துக்குப் பொருந்துவது, இளைப்புக்காரர் தலைமாட்டிலுள்ள சன்னலுக்குப் பொருந்தாது.

அப்படியானால் இயற்கை முறை என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாட்டு வழக்கங்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போற்றுவதும், ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு தரத்தில் இருக்கிறது. அறுக்குமுன் தடியைக் கண்மாயில் மூழ்க வைப்பது உண்மையிலேயே பயன் தருவது: நீருக்கடியில் உயிர்வளி இல்லாமையால் பூஞ்சை வளராது, ஊறும்போது சர்க்கரை கரைந்து வெளியேறி, மாவும் குறைவதால் பின்னாளில் உளு பிடிப்பது குறையும். வெட்டு முனையில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவதும் அப்படியே. முனைவழியாக நீர் விரைந்து வெளியேறி வெடிப்பு விழுவதை அது தடுக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் வெப்பமும் புகையும் சேர்ந்து காவல் செய்கின்றன. வேப்பெண்ணெய் சில பூஞ்சைகளைத் தடுக்கும். ஆனால் அதன் வீரியம் வெயிலில் சிதையும், மழையில் கழுவப்படும். ஈர மரத்தின்மேல் கனமாகப் பூசினால் உள்நீரின் வழியையும் மறிக்கும். வெங்காரம் மனிதருக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. ரப்பர் மரத்தைக் காக்க அவ்வகைப் போரான் உப்புகளே பெரிதும் பயன்படுகின்றன. மழையில் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் மட்டுமே அது உதவும். அமாவாசையை ஒட்டி வெட்டிய மரம் உளுக்காது என்னும் நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. வெட்டும் பருவத்தைப் பொறுத்து மரத்தின் மாவுச்சத்து மாறுவது மட்டும் மெய். இவை அனைத்தும் துணைகளே. உலர்ந்த மரத்துக்குத்தான் துணை பயன்படும்.

எங்கள் ஆசாரி எதையும் போற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை. எடை போட்டார். பூத்த பரப்பை இழைத்து நீக்கி, வெளிறைப் பெரும்பாலும் அறுத்துத் தள்ளினார். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கற்களின்மேல் சட்டங்களை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குறுக்குச் சக்கைகளைச் செருகினார். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, மேல்காற்று ஊடே செல்லும் திசை. அடுக்கிலிருந்து ஒரு சட்டத்தை மட்டும் வாரந்தோறும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தி, எடையைச் சுண்ணக்கட்டியால் அதிலேயே எழுதினார். நான் ஒரு சிறு துண்டை வெட்டிக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். அறிவியல் துறை நண்பர் அதை நிறுத்து, 103 பாகை வெப்பத்தில் எடை குறையாத வரைக்கும் அடுப்பில் வைத்து மீண்டும் நிறுத்தார். ஈர எடை 130 கிராம், உலர்ந்த எடை 100 கிராம் என்றால் ஈரம் 30 விழுக்காடு, கணக்கு அவ்வளவே. ஆராய்ச்சி நிலையங்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். பெங்களூரின் மர அறிவியல் நிறுவனத்துக்கும் எங்களூர்த் தராசுக்கும் நுட்பத்தில் வேறுபாடு மிகுதி, நேர்மையில் வேறுபாடு இல்லை.

ஆவணி நாள் தவறியது. அண்ணன் இரண்டு மாதம் ஆசாரியோடு பேசவில்லை. என்னோடும் குறைவாகவே பேசினார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. இன்னொரு விடுப்பு என்பது அவருக்கு இன்னொரு சம்பளப் பிடித்தம். ஐப்பசி மழையில் சட்டத்தின் எடை சற்று ஏறியபோது, “காத்திருந்து என்ன கண்டோம்?” என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அம்மாதான் அடுக்கின் பக்கத்தில் அமர்ந்து, சட்டத்தை விரல்முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தை பிறந்து மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றது. அதே வாரத்தில் அம்மாவும் “காஞ்சிருச்சு” என்றார். கையும் தராசும் ஒரே சொல்லைச் சொன்ன அந்த வாரத்தில், எந்த ஏட்டிலும் எழுதப்படாத ஓர் அறிவு எவ்வளவு துல்லியமானது என்று கண்டேன். தராசு இல்லையென்றால் அதை யாரிடமும் மெய்ப்பித்திருக்க முடியாது என்பதையும் கண்டேன்.

மாசியில் நிலை வைத்தோம். அண்ணனே முதலில் பிடித்தார். டப்பா திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போயிற்று. அதற்குப் பின் வந்த மழைக்காலங்களில் அந்த நிலையிலும் சன்னலிலும் பூஞ்சை இல்லை. கதவு தடையின்றிச் சாத்துகிறது. அம்மாவின் இளைப்பு முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழைநாட்களின் இரவுகளில் தூங்குகிறார். ஆசாரி வாரந்தோறும் எடை எழுதிய அந்தச் சட்டம் நிலையின் இடது காலாக நிற்கிறது. எழுத்து உள்ள பக்கம் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டுவிட்டது.